நாஷ்வில் நகரத்து உரையாடல்கள்

நாக்பூர்வாழ் தமிழ் நேயர்கள் ஹிஸ்லாப் கல்லூரியை அறிவார்கள். 1953 முதல் 1956 வரை அங்குப் பணியாற்றிய ஜேம்ஸ் லாசன் என்னும் அமெரிக்கக் கறுப்பின இளைஞர், காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைப் பயின்று தாயகம் திரும்பினார்.

பின்னர், தென்மாநிலமாகிய டென்னஸியின் தலைநகர் நாஷ்வில்லில், தேவாலயம் ஒன்றின் நிலவறையில் மாணவரைக் கூட்டி உரையாடினார். வெறும் பேச்சன்று அது. ஒருவர் வெள்ளையராக நடித்து வைவார். முகத்தில் புகை ஊதுவார். மற்றவர் கை ஓங்காது அமர்ந்திருக்க வேண்டும். அறப்போருக்கும் ஒத்திகையா என்று நேயர்கள் வியக்கலாம்.

1960 பிப்ரவரி 13-ஆம் நாள், கடைவீதிச் சிற்றுண்டிச் சாலைகளில் வெள்ளையருக்கென ஒதுக்கிய இருக்கைகளில் மாணவர்கள் அமர்ந்தனர். பின்னர் அடியும் சிறையும் கிடைத்தன. லாசனை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் நீக்கியது. கறுப்பின மக்களோ அக்கடைகளில் பொருள் வாங்குவதை நிறுத்தினர். வணிகர் மனத்தை விரைந்து இளக்கியது இதுவே என்பது என் எண்ணம்.

ஏப்ரல் 19-ஆம் நாள், மாணவருக்காக வாதாடிய வழக்கறிஞர் லூபியின் இல்லத்தில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் வாய் திறவாமல் நகர மன்றத்துக்கு நடந்தனர். நிறம் பார்த்து மனிதரை ஒதுக்குவது தவறெனக் கருதுகிறீர்களா என்று டையன் நாஷ் என்னும் மாணவி மேயர் பென் வெஸ்டை வினவினார். தவறென மேயர் ஒப்புக்கொண்டார். வெள்ளையர் வாக்கையும் நம்பியிருந்தவர் பலரறியக் கூறிய சொல் அது.

மே 10-ஆம் நாள் ஆறு கடைகளில் கறுப்பின மக்களுக்கு உணவு பரிமாறப்பட்டது. பிற உணவு விடுதிகள் பலவற்றின் கதவு திறக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின.