சிறுவாட்டுக் காசும் எஸ்.எம்.எஸ்.ஸும்

ரொக்கம் நல்லதா, எல்லாமே மின்னணுவாகிவிடுவது நல்லதா என்று பேச்சை எடுத்தால் நம்மாட்கள் உடனே ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி கறுப்புப் பணம், வரி ஏய்ப்பு, கள்ள நோட்டு என்று அடுக்கும். இன்னொரு கட்சி, அரசாங்கம் நம்ம ஒவ்வொரு காசையும் வேவு பார்க்குது, தனிமனித சுதந்திரம் போச்சு என்று கொதிக்கும். ரெண்டு பக்கமும் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் (அடியேனும்தான்). அதனாலோ என்னவோ, ரெண்டு கட்சிக்கும் அரிசிப் பானை ஞாபகத்துக்கே வருவதில்லை.

அரிசிப் பானைன்னு நான் சொல்றது அதுக்குள்ளே முடிந்து வைத்திருக்கும் சிறுவாட்டை. வார்த்தை தெரியாத இளசுகளுக்காக: வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்து, மோர் விற்று, முட்டை விற்று, வரட்டி தட்டி விற்று, பழைய பேப்பரை எடைக்குப் போட்டு வீட்டுப் பெண்கள் சேர்க்கிற காசுக்குத்தான் சிறுவாடு என்று பெயர். அரசாங்கம் வைத்த பெயர் சிறுசேமிப்பு. ரெண்டும் ஒண்ணு இல்லை. சிறுசேமிப்புக்குப் பாஸ்புக் உண்டு. சிறுவாட்டுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, அது இருப்பது யாருக்கும் தெரியாது என்பதுதான்.

எதற்கு இந்தக் காசு? புடவை வாங்க என்று ஆண்கள் ஜோக்கடிப்பார்கள். நான் பார்த்தவரைக்கும் மகளின் பிரசவத்துக்கு, பையனின் பரீட்சை ஃபீசுக்கு, தம்பி மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றால் கையில் கொடுக்க. ஒருத்தர் விடாமல் எல்லோரும் சொல்லத் தயங்குகிற இன்னொரு காரணமும் உண்டு. புருஷன் கை நீட்டுகிற ராத்திரியில், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு பஸ் ஏறுவதற்கு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க பாட்டி தலைமுறையில் இதற்குக் காசே அதிகம் தேவைப்படவில்லை. வீட்டுக்குள் குதிர், குதிருக்குள் நெல். உப்பு விற்கிறவர், வளையல்காரர், பானை கொண்டுவருகிறவர், கருவாட்டுக்கார அம்மா எல்லோருக்கும் நெல்தான் அளந்து போடுவது. குதிருக்குள்ளே எத்தனை மூட்டை போனது என்பது தாத்தாவுக்குத் தெரியும். அதிலிருந்து தினம் எத்தனை படி வெளியே வந்தது என்பது பாட்டிக்கு மட்டும்தான் தெரியும். அந்த ரெண்டு கணக்குக்கும் நடுவிலே இருந்த இடைவெளியில்தான் பாட்டியின் சுதந்திரம் இருந்தது. அப்புறம் களத்திலேயே எடை போட்டு லாரியில் ஏற்றி விற்கிற காலம் வந்தது. நெல் நோட்டாக மாறி நேராக ஆண்பிள்ளைகளின் சட்டைப் பைக்குப் போய்விட்டது. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் குதிர் பாட்டியின் கையெட்டும் இடத்தில் இருந்தது. சட்டைப் பை அப்படி இல்லையே.

அதற்கு முன்னாலேயே வெளியூர்க் காசு தபாலில் வர ஆரம்பித்திருந்தது. இந்தியாவில் மணியார்டர் 1880-இல் தொடங்கியது. பட்டணத்தில் வேலை பார்க்கும் புருஷன் ஊரில் இருக்கும் மனைவிக்குப் பணம் அனுப்ப அதைவிடப் பத்திரமான வழி அன்றைக்கு இல்லை. ஆனால் அது எப்படி வந்து சேரும்? தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து பெயரைக் கூப்பிடுவார். கையெழுத்துப் போடத் தெரியாவிட்டால் கைநாட்டு, அதற்கு ஒரு சாட்சி. ஃபாரத்தின் அடியில் புருஷன் எழுதிய நாலு வரியை அவரே சத்தமாகப் படித்தும் காட்டுவார். பாதி வீடுகளில் மணியார்டரே மாமனார் பெயருக்குத்தான் வரும். மனைவி பெயருக்கே வந்தாலும், வாங்கிய சேதி கதவைத் தாண்டி உள்ளே போவதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும். பணம் பத்திரமாக வந்தது, ஆனால் ஊரறிய வந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு தொழில்நுட்பமும் இதே மாதிரிதான் நடந்துகொண்டது.

சட்டம் என்ன சொன்னது? 1874-இல் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் வந்தது. மனைவி சம்பாதிப்பது மனைவிக்கே என்றது. ஆனால் அந்தப் பகுதி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அதாவது இந்த நாட்டில் மோர் விற்றுக்கொண்டிருந்த அநேகமாக எல்லோருக்கும் பொருந்தாது! பழைய இந்துச் சட்டத்தில் பிறந்த வீட்டார் அன்பளிப்பாகக் கொடுத்தது பெண்ணின் சொந்தம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் உழைத்துச் சம்பாதித்தது, பெரும்பாலான மரபுகளில், புருஷன் உயிரோடு இருக்கும்வரை அவன் அதிகாரத்துக்குக் கீழே. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கு அப்புறமும் 27 வருடம் கழித்து, 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-ஆம் பிரிவில்தான் பெண் கையில் இருக்கும் சொத்து முழுசாக அவளுக்கே என்று வந்தது.

'நம்ம ஊரு பிற்போக்கு, வெள்ளைக்காரன் அப்படியில்லை' என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழக்கு. இங்கிலாந்தில் ஒரு அம்மா, வீட்டுச் செலவுக்குப் புருஷன் கொடுத்ததில் மிச்சம் பிடித்து, கூட்டுறவுச் சங்கத்தில் தன் பெயரில் 103 பவுண்டு சேர்த்திருந்தார். ரெண்டு பேரும் பிரிந்தபோது விஷயம் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. 1943-இல் தீர்ப்பு: மிச்சம் பிடித்ததும் புருஷன் காசுதான், திருப்பிக் கொடு. மத்தியானம் அரைவயிறு சாப்பிட்டு மிச்சம் பிடித்தாளா, கிழிந்த ஸ்வெட்டரையே தைத்துப் போட்டு மிச்சம் பிடித்தாளா, அதெல்லாம் கணக்கிலேயே வரவில்லை. 1964-இல்தான் அங்கே ஆளுக்குப் பாதி என்று சட்டத்தை மாற்றினார்கள். அந்த அம்மா செய்த ஒரே தப்பு, பெயர் போட்ட கணக்கில் போட்டது. அரிசிப் பானை என்றால் எந்தக் கோர்ட்டுக்குத் தெரிந்திருக்கும்?

நம்ம பெண்கள் இதையெல்லாம் படிக்காமலே விவரமாக இருந்தார்கள். சாமிக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிந்த காசை எவ்வளவு குடிகாரனும் தொடப் பயப்படுவான். அதில் எவ்வளவு சாமிக்கு, எவ்வளவு ஆசாமிக்கு என்பது முடிந்தவளுக்கே வெளிச்சம். :-) எவர்சில்வர் பாத்திரம் வாங்கிப் பெயர் வெட்டி வைத்தார்கள். கால் பவுன், அரைப் பவுனாக நகை சேர்த்தார்கள். அடகுக்கடை என்ற ஒன்று இருக்கும்வரை நகை பத்திரமில்லை என்பது வேறு கதை.

இந்தச் சரித்திரத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த ஆள், தபாலாபீஸ் ஆர்.டி. ஏஜண்ட் அக்காதான். 1972-இல் பெண்களையே முகவர்களாகப் போட்டு வீடு வீடாகச் சேமிப்புப் பிடிக்கும் திட்டம் வந்தது. அவர் வருவது மத்தியான வேளையில், ஆம்பளைங்க யாரும் வீட்டில் இல்லாதபோது. பத்தோ இருபதோ வாங்கி அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போவார். எங்கள் தெருவில் பாதிப் பேருடைய பாஸ்புக் அவர் வீட்டு பீரோவில்தான் தூங்கும். விதிப்படி சரியா என்று கேட்காதீர்கள். வட்டியும் வரும், ரகசியமும் காக்கப்படும். அரிசிப் பானையால் முடியாதது முதல் விஷயம், பேங்க்கால் முடியாதது ரெண்டாவது. ரெண்டையும் ஒன்றாகக் கொடுத்தது கைப்பையும் குடையுமாக நடந்துவந்த ஒரு பெண்மணி. எந்த ஆப்பும் இன்னும் அந்த அக்கா அளவுக்கு வளரவில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

பிறகு 2016 நவம்பர் 8. ராத்திரி எட்டு மணிக்கு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு. கறுப்புப் பணம் எவ்வளவு மாட்டியது என்பதை ரிசர்வ் வங்கியே பிறகு சொல்லிவிட்டது: செல்லாது என்ற 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டது, 99.3 சதவீதம். மாட்டியது சிறுவாடு. அந்த ஐம்பது நாளில் எத்தனை வீட்டில் கடுகு டப்பாவும் சேலை மடிப்பும் வாய் திறந்தன! எங்க அத்தை ஒருத்தர், ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, கடைசியில் மாமாவிடமே ஒரு கட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். மாமா திட்டவில்லை. சிரித்தார், 'அடேயப்பா' என்றார், வரிசையில் நின்று தன் கணக்கிலேயே கட்டிவிட்டும் வந்தார். அவ்வளவுதான். இருபது வருஷச் சேமிப்பு, யாரும் திருடவில்லை, ஆனால் அத்தையிடம் இல்லை. மாமா நல்ல மனுஷர் என்பதால் இது தமாஷ் கதையாக எங்கள் குடும்பத்தில் உலவுகிறது. நல்ல மனுஷர் இல்லாத வீடுகளில் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம்வரை கட்டினால் கேள்வி வராது என்று அரசாங்கம் அப்போது சொன்னது. கேள்வி வந்தது. குவாலியரைச் சேர்ந்த ஒரு பெண் கட்டிய 2,11,500 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று வருமான வரித்துறை கேட்டது. புருஷனும் மகனும் சொந்தக்காரர்களும் கொடுத்ததில் சேர்த்தது என்றார் அவர். ஏற்கவில்லை, வருமானமாகச் சேர்த்தார்கள். 2021 ஜூனில் ஆக்ரா வருமான வரித் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வீட்டுப் பெண்கள் இப்படிச் சேர்ப்பது இந்த நாட்டு வழக்கம், இரண்டரை லட்சம்வரை அதை வருமானமாக எடுத்துக்கொள்ள முடியாது, இதே மாதிரி வழக்குகளுக்கும் இது முன்னுதாரணம் என்றது. சிறுவாட்டுக்கு ஒரு நீதிபீடம் அங்கீகாரம் கொடுத்ததாக எனக்குத் தெரிந்து இதுதான். சந்தோஷம். ஆனால் அங்கீகாரம் கிடைக்க அவர் தன் சிறுவாட்டை வரித்துறைக்கும் தீர்ப்பாயத்துக்கும் பத்திரிகைகளுக்கும் காட்ட வேண்டியிருந்தது.

இப்போது கணக்கு இல்லாத பெண்கள் குறைவு. 2014-இல் ஆரம்பித்த ஜன்தன் கணக்குகளில் பாதிக்கு மேல் பெண்கள் பெயரில்தான். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21-இன்படி, தாங்களே இயக்கும் வங்கிக் கணக்கு உள்ள பெண்கள் 79 சதவீதம். நல்ல விஷயம், கைதட்டலாம். அதே கணக்கெடுப்பில், தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் பெண்கள் 54 சதவீதம். இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற 25 சதவீதத்தில்தான் என் கவலை எல்லாம். கணக்கு அவள் பெயரில், எஸ்.எம்.எஸ். யார் போனுக்குப் போகும்? யுபிஐ வேண்டுமென்றால் வங்கியில் பதிந்த நம்பரின் சிம் அந்தப் போனுக்குள் இருக்க வேண்டும். பதிந்த நம்பர் புருஷனுடையது என்றால் பர்ஸும் புருஷனுடையதுதான். பணம் வந்தாலும் அவனுக்குத் தெரியும், எடுத்தாலும் தெரியும், எந்த ஊர் ஏடிஎம்மில் எடுத்தாள் என்பதுகூடத் தெரியும். அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்த தபால்காரர் இப்போது சட்டைப் பைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமித்துச் சொன்னபோது நானும் ஸ்வீட் எடுத்துக் கொண்டாடினவன்தான். ஆனால் அந்த வழக்கு அரசாங்கத்தின் கண்ணைப் பற்றியது. சமையல்கட்டில் இருக்கும் பெண்ணுக்கு டெல்லியின் கண் ரொம்ப தூரம். பக்கத்து நாற்காலியின் கண்தான் பிரச்சினை.

'புருஷன் பொண்டாட்டிக்குள்ளே என்னய்யா ஒளிவு மறைவு?' என்று கேட்பீர்கள். தங்கமணியிடம் சம்பள இன்கிரிமெண்டை எல்லா ரங்கமணியும் அன்றைக்கே சொல்லிவிடுகிறார்களா என்ன? டாஸ்மாக்கில் போகிற காசுக்கு எந்த வீட்டில் ரசீது காட்டுகிறார்கள்? ஒளிவு மறைவு சமமாக இருக்கிற வீட்டில் வேண்டுமானால் அதை ஒழிக்கலாம் என்று பேசுவோம்.

அதற்காக அரிசிப் பானைக்கே திரும்பிப் போகச் சொல்லவில்லை. பானை வட்டி தராது, கரையான் வரும், ராத்திரி எட்டு மணி அறிவிப்பும் வரும். 2023 மே மாதம் ரெண்டாயிரம் ரூபாய் நோட்டையும் திரும்பப் பெறுவதாகச் சொன்னபோது இன்னொரு முறை டப்பாக்கள் திறந்தன. அதே வருஷம் செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் வர ஆரம்பித்தது. உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்ததில் எனக்குத் தனி மரியாதை. ஆனால் ஆயிரம் ரூபாயை அவள் பெயரில் போட்டால் மட்டும் போதாது, சேதியும் அவள் கைக்குப் போக வேண்டும்.

மேலே சொன்ன அத்தைக்கும் அந்தத் தொகை வந்தது. சேதி மாமா போனுக்கு. மாமா நல்ல மனுஷர் என்பதால், சேதி வந்ததுமே எடுத்து வந்து கரண்ட் பில்லும் கட்டிவிடுவார். போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'நம்பரை மாத்த முடியுமாடா?' என்றார். ஒரு பட்டன் போன், ஒரு சிம், வங்கியில் ஒரு ஃபாரம், ஆதார் நகல், ரெண்டு கையெழுத்து. கவுண்டரில் இருந்தவர், 'சார் நம்பரே இருக்கேம்மா, அப்புறம் எதுக்கு?' என்று கேட்டார். அத்தை பதில் சொல்லவில்லை, ஃபாரத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

ரெண்டு நாள் கழித்து அவர் போனில் முதல் சேதி வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, இதை அழிக்கிறதுக்கு எந்தப் பட்டன் என்றார்.