மேனேஜரை மாத்தலாமா?

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தவர்களுக்குத் தெரியும். இங்கே, தோற்கிற அணியின் மேனேஜரை அனுப்பு என்று வாய் திறந்தால் போதும், 'ஃபெர்குசன் கதை தெரியாதா?' என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

தெரியுமுங்க. 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். 1989-ல் லீகில் 11-ஆம் இடம். அந்த செப்டம்பரில் சிட்டியிடம் 5-1 என்று செம உதை. 1990 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக மார்க் ராபின்ஸ் போட்ட கோல்தான் அவர் வேலையைக் காப்பாற்றியது என்பார்கள். மே மாதம் எஃப்.ஏ. கோப்பையும் வந்தது.

ஆனால் கிளப் தலைவராக இருந்த மார்ட்டின் எட்வர்ட்ஸ், அன்று தோற்றிருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டோம் என்று பின்னாளில் சொல்லிவிட்டார். நான் அவர் கட்சி. 1987-லேயே ரையன் கிக்ஸ் வீட்டுக்கு, பையனின் 14-ஆவது பிறந்தநாளன்று ஃபெர்குசன் நேரில் போய்ச் சேர்த்துக்கொண்டார். சிட்டி பக்கம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த பையன்! இதெல்லாம் அந்த வருஷ லாப நட்டக் கணக்கில் வராது. பேலன்ஸ் ஷீட்டைப் புரட்டினால்தான் தெரியும்.

2024-ல் டென் ஹாக்கும் இதே கோப்பையை வென்றார். லீகில் 8-ஆம் இடம் என்பதை ஒதுக்கிவிட்டு ஒப்பந்தத்தை நீட்டினார்கள். அக்டோபரில் அனுப்பிவிட்டார்கள். அவருக்கும் உதவியாளர்களுக்கும் கொடுத்தது 1 கோடி பவுண்டுக்கு மேல்.

எங்க பேங்கில் மேனேஜரை அனுப்ப ஒரு ரயில் டிக்கெட் போதும் :-)