அணையாத் தீயும் அழியாக் கலையும்

அந்தமான் தலைநகராகிய போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்குகிறது. அந்நகரில் டெய்ரி ஃபார்ம் என்றொரு பகுதி உண்டு. தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் பகுதி அது. அதன் பெயர் பால்பண்ணையைக் குறிக்கிறது. ஆயின், மழை மிகுந்த இத்தீவில் மாடுகளுக்கு எத்தீனியை இட்டார்கள், நோயை எவ்வாறு தடுத்தார்கள் என்பவற்றை அப்பெயர் நமக்குச் சொல்வதில்லை. ஒரு தொழிலின் பெயர் எஞ்சுவது வேறு. அத்தொழிலின் அறிவு எஞ்சுவது வேறு.

நமக்குப் பின், நெடுங்காலம் கழித்து வரும் மக்களுக்கு நம் தொழிலறிவை எவ்வாறு விட்டுச்செல்வது என்னும் கேள்வி இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், பனி உறைந்த மலையைக் குடைந்து 2008-ஆம் ஆண்டில் ஒரு விதைக் காப்பகம் அமைத்தனர். ஊழி போன்ற கேடு வந்தாலும் பயிர் வகைகள் அழியாதிருத்தல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். அது நன்று. ஆயினும் விதை இருந்தால் மட்டும் போதுமா? எப்பருவத்தில் விதைப்பது, எவ்வளவு நீர் பாய்ச்சுவது என்று அறிந்த உழவனும் இருத்தல் வேண்டுமன்றோ?

இதற்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. அந்தமான் தொல்குடிகளைப் பற்றி 1880-களில் இ. எச். மேன் எழுதினார், 1922-இல் ராட்கிளிஃப்-பிரவுன் நூல் வெளியிட்டார். அக்குடிகள் தீயைப் புதிதாக உண்டாக்கும் முறையைக் கைக்கொண்டிருக்கவில்லை என்று இருவரும் குறித்துள்ளனர். ஆயின் தீயின்றி அவர்கள் வாழ்ந்ததில்லை. குடிசையில் கட்டைகளைக் கனலாகவே வைத்துக் காத்தனர். இடம்பெயரும்போது கொள்ளியை உடன் எடுத்துச் சென்றனர். அணைந்தால் அண்டையாரிடம் பெற்றனர். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்றதனால்தான் அத்தீ வாழ்ந்தது. தொழிலறிவும் இத்தகையதே.

இனி நாம் விட்டுவந்த தாயகத்தை நோக்குவோம். கரிகாலன் கட்டியதாக வழங்கும் கல்லணை, காவிரியின் மணற்படுகையில் நிற்கிறது. பாறை கிடைக்காத ஆழ்மணலில் அடித்தளம் இடுவது எங்ஙனம்? பெருங்கற்களை மணலில் இட, அவை தாமே அமிழ்ந்து நிலைபெற்றன. அவற்றின்மேல் மேலும் கற்களை அடுக்கிக் களிமண்ணால் இணைத்தனர். 1830-களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இவ்வணையை ஆராய்ந்தார். ஆழம் காணாத மணலில் அடித்தளம் இடும் வகையைப் பழந்தமிழ்க் கட்டுமானத்திலிருந்தே தாம் கற்றதாக அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவ்வறிவைக் கொண்டு 1836-இல் கொள்ளிடத்தில் மேலணைப் பணியைத் தொடங்கினார். பின்னர் 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தௌலேசுவரம் அணையைக் கட்டினார். கல்லணையின் செய்முறை ஏட்டில் எழுதி வைத்ததால் பிழைக்கவில்லை. தலைமுறைதோறும் உழவர்க்குப் பயன்பட்டு, பழுது பார்க்கப்பட்டு வந்ததனால் பிழைத்தது.

இதற்கு நேர்மாறான கதை நம் உருக்கின் கதை. சேலம் முதலிய பகுதிகளிலும் தென்னாட்டின் பிற இடங்களிலும் கொல்லர்கள் இரும்புத் துண்டுகளையும் ஆவாரங் கட்டையையும் மண்மூசையில் இட்டு, எருக்கு முதலிய இலைகளால் மூடி, களிமண்ணால் வாயடைத்து, துருத்தி ஊதி உருக்கு எடுத்தனர். ஐரோப்பியர் இதனை ஊட்ஸ் என்றழைத்தனர். புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்களுக்கு இத்தகைய உருக்கே மூலப்பொருள். 1819 முதல் 1822 வரை மைக்கேல் ஃபாரடே போன்ற அறிவியலாரும் இதன் மருமத்தை ஆராய்ந்தனர். செய்முறையைப் பயணிகளும் அதிகாரிகளும் எழுதி வைத்தனர். எனினும் மலிவான ஆலை உருக்குக் கப்பலேறி வந்தது. அடுப்புக்கரிக்கு மரம் வெட்டக் காடுகளில் தடை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் உலைகள் அணைந்தன.

பின்னர் நேர்ந்தது என்ன? செய்முறைக் குறிப்பு கையில் இருந்தும், அவ்வாள்களின் நீரோட்டம் போன்ற வரிகளை மீண்டும் வரவழைக்க நூறாண்டுக்குமேல் எவராலும் ஒழுங்காக இயலவில்லை. 1990-களில்தான் அமெரிக்க அறிஞர் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் ஒரு விளக்கம் கண்டனர். கனிமத்தில் மிக நுண்ணிய அளவில் கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்கள் அவ்வரிகள் தோன்றத் துணைபுரிந்தன என்பது அவர்கள் முடிவு. வனேடியம் என்ற பெயரை நம் கொல்லர் அறியார். ஆயின் எந்த ஊர்க் கல் நல்லது, எந்நிறம் வரும்வரை ஊத வேண்டும் என்பதைக் கண்ணாலும் கையாலும் அறிந்திருந்தனர். எழுதியவர்கள் பார்த்ததை எழுதினர். கை அறிந்ததை எழுத இயலவில்லை.

மீண்டும் தீவுக்கு வருவோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, சிறிய அந்தமானில் வாழும் ஓங்கே மக்கள் கடல் பின்வாங்கியதைக் கண்டு மேட்டுநிலம் ஏறி உயிர் தப்பினர். எந்த நூலும் அவர்கள் கையில் இல்லை. மூத்தோர் சொன்ன சொல் இருந்தது. ஆறாண்டுகளுக்குள், 2010 ஜனவரியில், போவா மூதாட்டி மறைந்தார். ‘போ’ என்னும் மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். அவரிடமும் பிற பெரிய அந்தமானியரிடமும் சொற்களைக் கேட்டுக் கேட்டு, மொழியறிஞர் அன்விதா அப்பி அகராதி தொகுத்தார். பறவைகளின் பெயர்கள், மரங்களின் பெயர்கள், கடலின் பெயர்கள் ஆகியவற்றுள் எஞ்சியவை அவ்வாறே காக்கப்பட்டன. பெருந்தொண்டு அது. ஆயினும் அச்சொற்களைப் பேசி வேட்டைக்குச் செல்லும் கூட்டத்தை அகராதியால் மீட்டுத் தர இயலாது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிப்பொருள் உண்டு. டெய்ரி ஃபார்மிலும், மும்பையிலும், தில்லியிலும் நம் மூத்தோர் பலர் கொத்தனாராகவும் தச்சராகவும் மீனவராகவும் வந்தவர்கள். அவர்கள் தொழிலின் சொற்கள் தமிழில் உள்ளன: இழைப்புளி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு, வாடைக்காற்று, கச்சான். வேற்று மொழிகளில் பயிலும் நம் பிள்ளைகள் இச்சொற்களை அறியார். சொல் போனால் சொல்லுக்குள் இருந்த நுட்பமும் உடன் போகும். கச்சான் என்ற சொல்லை அறியாத மைந்தனுக்கு, அக்காற்று எழும் நாளில் கடலுக்குச் செல்லலாமா என்று தாத்தா சொன்ன அறிவும் எட்டாது.

ஆதலின் நாம் செய்யத்தக்கது எளியதே. மூத்தோர் உடன் இருக்கும்போதே அவர்கள் தொழிலைக் கேட்டு, அவர்கள் வழங்கும் சொற்களிலேயே எழுதி வைத்தல் வேண்டும். குரலையும் பதிவு செய்தல் வேண்டும். அத்துடன் நின்றுவிடாது, ஒரு விடுமுறை நாளிலேனும் பேரன் கையில் இழைப்புளியைக் கொடுத்துத் தாத்தாவின் பக்கத்தில் நிறுத்துதல் வேண்டும். பலகை கோணலாகலாம், அதனால் கேடில்லை. கொள்ளி ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறிவிட்டது.