எல்லிஸ் ஆர். டங்கன்

எல்லிஸ் ஆர். டங்கன் (1909 மே 11 – 2001 டிசம்பர் 1) தமிழ்த் திரையுலகில் 15 ஆண்டுகள் பணியாற்றிய அமெரிக்க இயக்குநர். வெள்ளைக்கார இயக்குநர் என்றே பேசப்பட்டதால் அவரை ஆங்கிலேயர் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அவர் பிறந்தது ஒஹையோ மாநிலத்தின் பார்ட்டன் என்ற ஊரில். தமிழ் தெரியாமல் வந்தார். இங்கிருந்த காலம் முழுவதும் தமிழ் கற்றுக்கொள்ளாமலேயே படமெடுத்தார். எம்.ஜி.ஆரின் முதல் படத்தையும், எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘சகுந்தலை’, ‘மீரா’ இரண்டையும் இயக்கியவர் அவர்தான்.

தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை படித்தபோது மாணிக்லால் டாண்டன் என்ற இந்திய மாணவர் அவருக்கு நண்பரானார். டாண்டனின் அழைப்பின் பேரில் 1935இல் இந்தியாவுக்கு வந்தார். சில மாதங்கள் தங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பதே எண்ணம். அப்போது கே.பி. சுந்தராம்பாள் நடித்த ‘நந்தனார்’ படத்தை டாண்டன் கல்கத்தாவில் இயக்கிக்கொண்டிருந்தார். டங்கன் அதில் உதவினார். சென்னையில் பேசும்படம் எடுக்கும் ஸ்டுடியோவே 1934இல்தான் வந்தது என்பதால், தமிழ்ப் படக்குழுக்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் மூட்டை கட்டிக்கொண்டு போன காலம் அது.

‘சதி லீலாவதி’யை இயக்கும் வாய்ப்பு டாண்டனைத் தேடி வந்தபோது அவர் நண்பரைக் கைகாட்டினார். கோவை மருதாசலம் செட்டியாரின் மனோரமா பிலிம்ஸ் தயாரித்த அந்தப் படம் 1936இல் வெளிவந்தது. எஸ்.எஸ். வாசன் எழுதி ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. குடியால் குலைந்து, மனைவியைப் பிரிந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகும் ஒருவனைப் பற்றியது. நாயகன் எம்.கே. ராதா. எம்.ஜி. ராமச்சந்திரன், டி.எஸ். பாலையா, என்.எஸ். கிருஷ்ணன் ஆகியோர் திரைக்கு அறிமுகமானதும் இதில்தான். எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது ரங்கையா நாயுடு என்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் வேடம். படம் நீதிமன்றப் படியும் ஏறியது. கிருஷ்ணசாமிப் பாவலரின் ‘பதிபக்தி’ நாடகத்தைக் காப்பியடித்ததாக வழக்கு. இரண்டுக்குமே மூலம் எல்லன் வுட் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளர் 1860இல் எழுதிய ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ நாவல்தான் என்று வாசனே சொன்னதும் வழக்கு பிசுபிசுத்தது. அமெரிக்கர் இயக்கிய முதல் தமிழ்ப் படத்தின் வேர் இங்கிலாந்தில் இருந்தது என்பது ஒரு வேடிக்கை.

அன்றைய தமிழ்ப் படம் என்பது பெரும்பாலும் நாடக மேடைக்கு முன் கேமராவை நிறுத்தியதுதான். நடிகர்கள் எதிரே பார்வையாளர் இருப்பதாகவே நினைத்துக் குரலெழுப்புவார்கள். பாட்டுக்குப் பாட்டு கதை நின்றுவிடும். டங்கன் வசனத்தை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, ஷாட் வாரியாகத் திட்டமிட்டு வேலை செய்தார். கேமராவை நகர்த்தினார், நடிப்பை அடக்கி வாசிக்கச் சொன்னார். படப்பிடிப்புத் தளத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் உடனிருந்தார்கள். வசனம் புரியாததே அவருக்கு ஒருவகையில் வசதியாகப் போனது என்று சொல்லலாம். முகமும் அசைவும் மட்டும் கதை சொல்கிறதா என்று அவரால் பார்க்க முடிந்தது.

‘அம்பிகாபதி’ (1937) அதற்கு நல்ல சான்று. கம்பர் மகனுக்கும் சோழ இளவரசி அமராவதிக்கும் இடையிலான காதல் கதை. எம்.கே. தியாகராஜ பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும் நடித்தார்கள். காதல் காட்சிகளில் ‘ரோமியோ ஜூலியட்’டின் சாயல் தெளிவாகத் தெரியும். படம் பெரும் வெற்றி பெற்றது. பாகவதரின் புகழும் உச்சிக்குப் போனது. ஆனால் இதில் அதிகம் கவனிக்க வேண்டியவர் வசனம் எழுதிய இளங்கோவன். தமிழ்த் திரை வசனத்துக்கு இலக்கிய நடை வந்தது அவரால்தான்.

‘இரு சகோதரர்கள்’, ‘சீமந்தினி’ (இரண்டும் 1936), நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை நடித்த ‘காளமேகம்’ (1940), ‘தாசிப் பெண்’ (1943) ஆகியவையும் அவர் இயக்கியவை. ‘சகுந்தலை’யில் (1940) துஷ்யந்தனாக ஜி.என். பாலசுப்பிரமணியம் நடித்தார். இரண்டு சங்கீத மேதைகளுக்கு நடுவே என்.எஸ். கிருஷ்ணனையும் டி.எஸ். துரைராஜையும் மீனவர்களாக்கிச் சிரிக்க வைத்தார் டங்கன்.

‘மீரா’ (1945) அவருடைய உச்சம். டி. சதாசிவம் தயாரிப்பு. படப்பிடிப்புக்கு முன் எம்.எஸ்ஸின் முகத்தைப் போலவே பிளாஸ்டர் சிலை ஒன்று செய்ய வைத்தார். ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் அவரும் அந்தச் சிலைமீது விதவிதமாக வெளிச்சம் பாய்ச்சி, எந்தக் கோணத்தில் எந்த ஒளியில் முகம் எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். படத்தில் மீராவின் முகத்தில் தங்கும் ஒளி அந்த உழைப்பின் பயன். குழந்தை மீராவாக நடித்த ராதா ஒரே பாட்டுக்குள் எம்.எஸ்ஸாக வளர்ந்துவிடுவது, பாட்டுக்காகக் கதையை நிறுத்தாமல் பாட்டாலேயே கதையை நகர்த்திய இடம். 1947இல் வந்த இந்தி வடிவத்தில் சரோஜினி நாயுடு திரையில் தோன்றி எம்.எஸ்ஸை அறிமுகப்படுத்தினார்.

இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பி, சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவியவர் டி.ஆர். சுந்தரம். டங்கனின் கடைசித் தமிழ்ப் படங்கள் அவருடைய நிறுவனத்துக்காக எடுத்தவை. பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ கதையை வைத்து எடுத்த ‘பொன்முடி’ (1950) காதல் காட்சிகளுக்காகக் கண்டனங்களைச் சந்தித்தது. ‘குண்டலகேசி’ கதையைத் தழுவிய ‘மந்திரி குமாரி’க்கு (1950) மு. கருணாநிதி வசனம் எழுதினார். எம்.ஜி.ஆர், மாதுரி தேவி, எஸ்.ஏ. நடராஜன் நடித்தனர். படம் முடியும் முன்பே டங்கன் நாடு திரும்ப, சுந்தரம் முடித்து வெளியிட்டார். தமிழ் அறியாத இயக்குநரின் கடைசித் தமிழ்ப் படம், வசனத்தையே நாயகனாக்கிய ஒரு காலத்துக்கு முன்னோடியானது. காட்சிமொழியில் அவர் போட்ட பாதையை அடுத்து வந்தவர்கள் பெரிதாகப் பின்பற்றவில்லை என்பதே என் கணிப்பு. அவர்கள் எடுத்துக்கொண்டது இளங்கோவனிடமிருந்தும் கருணாநிதியிடமிருந்தும்தான்.

அதன்பின் இந்தியாவில் படமெடுக்க வந்த ஹாலிவுட் குழுக்களுடன் பணியாற்றினார். அவற்றில் ஒன்று மாடர்ன் தியேட்டர்ஸ் பங்கேற்ற ‘தி ஜங்கிள்’ (1952). பிறகு மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் தங்கி ஆவணப்படங்கள் எடுத்தார். 1990களில் சென்னை வந்தபோது திரையுலகம் அவரைக் கௌரவித்தது. ‘எ கைடு டு அட்வென்ச்சர்’ என்ற அவரது தன்வரலாறு 2001இல் வெளியானது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று வீலிங்கில் காலமானார். கரண் பாலி இயக்கிய ‘ஆன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்’ (2013) என்ற ஆவணப்படம் அவரைப் பற்றியது.