ஆளை உண்ணும் கூழ்

1974ஆம் ஆண்டு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, மூன்று சிறுநூல்கள் அடங்கிய பெட்டி ஒன்று விற்பனைக்கு வந்தது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். ஆசிரியர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என இருவர். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்துகொள்ள, ஒருவர் கதைசொல்லியாகவும் நடுவராகவும் இருக்க, ஏனையோர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ தம்மைப் பாவித்து, பகடை உருட்டி, பாதாளக் குகைகளில் புதையல் தேடிச் செல்லும் விளையாட்டு அது. கதை முன்கூட்டியே எழுதப்படுவதில்லை. ஆட ஆடப் பிறக்கிறது. கூத்துக்கும் சொக்கட்டானுக்கும் பிறந்த பிள்ளை என்றால் நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும்.

அம்மூன்று நூல்களுள் இரண்டாவதில் பூதங்களின் பட்டியல் இருக்கிறது. டிராகன், மினோட்டார், ரத்தக்காட்டேரி என்று அதில் வரும் பெரும்பாலானவற்றுக்குக் குலமும் கோத்திரமும் உண்டு. கிரேக்கப் புராணத்திலோ வடபுலத்துக் கதைகளிலோ அவற்றின் வேரைத் தேடிவிடலாம். ஆனால் அந்த வரிசையின் நடுவே, யாரும் அழைக்காமல் வந்து அமர்ந்தவை போல, நான்கு உருப்படிகள் கிடக்கின்றன: காவிநிறக் களி, கறுப்புப் புட்டிங், பச்சை வழும்பு, சாம்பல் கசிவு. எலும்பில்லை, கண்ணில்லை, பெயர் சொல்ல ஒரு முகமும் இல்லை. ‘ஸ்லைம்’ என்பதற்கு ‘வழும்பு’ என்ற பழஞ்சொல்லே மிகப் பொருத்தம். மீனின் மேலுள்ள வழவழப்பையும் கெட்ட நீரின் மேற்படியும் படலத்தையும் அது குறிக்கும். எனினும் இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லும்போது கூழ்ப்பூதம் என்றே இங்கு எழுதுகிறேன். காரணம், கைகாக்ஸே இவற்றுக்குச் சமையலறைப் பெயர்களைத்தான் வைத்தார். கறுப்புப் புட்டிங் என்பது ஆங்கிலேயர் ரத்தத்தைக் கொண்டு செய்யும் ஓர் உணவு. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துக் குருதியையும் நிணத்தையும் இட்டுக் கூழ் அட்டு உண்ணும். இங்கே கூழே ஆளை உண்கிறது.

இவற்றுக்கான விதிகள் மிகச் சுருக்கமானவை, ஆனால் கூர்மையானவை. காவிநிறக் களியை வாளால் வெட்டினால் சாகாது, பல சிறு களிகளாகப் பெருகும். தீயும் குளிரும் மட்டுமே அதனைக் கொல்லும். கறுப்புப் புட்டிங் மரத்தைக் கரைக்கும், உலோகத்தை அரிக்கும். தீ அதனை அழிக்கும். குளிர் ஒன்றும் செய்யாது. சாம்பல் கசிவு ஈரக்கல் போலவே தோன்றுவதால் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. அதனிடம் தீயும் குளிரும் தோற்கும், வாள் வெல்லும். பச்சை வழும்பு அசையவே அசையாது. ஆனால் தோலில் பட்டுவிட்டால் தசைக்குள் ஊடுருவி, அத்தசையையே வழும்பாக்கிவிடும்.

இவற்றுள் உலோக அரிப்பு என்ற விதியே என் கவனத்தை மிகவும் ஈர்த்தது. தீண்டும் ஒவ்வொரு சுற்றிலும் கவசத்தின் தரம் ஒரு படி இறங்குகிறது. இந்த ஆட்டத்தில் ஒருவனது வாளும் கவசமும் பல இரவுகள் ஆடிச் சேர்த்த சொத்து. அவனுடைய கதையே அவற்றில்தான் இருக்கிறது. மரணத்தையாவது வீரமரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். கவசம் கரைந்துபோய் அரைநிர்வாணமாகக் குகையை விட்டு ஓடிவருவதில் என்ன வீரம்? நம் அசுரர்களுக்கு வரமும் பகையும் உண்டு. அவர்களிடம் பேசலாம், சினக்கலாம், சூளுரைக்கலாம். கூழ்ப்பூதத்துக்கு நம்மீது பகையே இல்லை. அது நம்மை அறியக்கூட அறியாது. காவிய நாயகனை இதைவிட அவமதிக்கும் எதிரியை என்னால் எண்ணிப்பார்க்க இயலவில்லை.

புராணம் இல்லை என்றேனே தவிர, இதற்கு முன்னோர் இல்லாமல் இல்லை. அவர்களைத் தேட அட்லாண்டிக் கடலின் அடித்தரைக்குச் செல்ல வேண்டும். தந்திக் கம்பி பதிப்பதற்காகக் கடலாழத்தை அளக்கச் சென்ற ‘சைக்ளாப்ஸ்’ என்ற கப்பல் 1857இல் அங்கிருந்து சேற்றை அள்ளி வந்தது. சாராயத்தில் இட்டு வைத்திருந்த அச்சேற்றை 1868இல் மீண்டும் ஆராய்ந்த தாமஸ் ஹக்ஸ்லி, அதில் வலைபோலப் படர்ந்த கூழ்மம் ஒன்றைக் கண்டார். கடலடி முழுவதும் பரவிக்கிடக்கும் உயிர்ப்பொருள் இதுவே என்று கருதி, ஜெர்மானிய அறிஞர் ஹேக்கலின் நினைவாக ‘பாத்திபியஸ் ஹேக்கலி’ என்று பெயரிட்டார். எல்லா உயிர்களும் ஓர் ஆதிக் கூழிலிருந்தே தோன்றின என்ற எண்ணம் ஜெர்மனியில் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. அதனை ‘உர்ஷ்லைம்’ என்றார்கள். இப்போது அந்தக் கூழே கையில் கிடைத்துவிட்டது என்று ஹேக்கல் மகிழ்ந்தார்.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1872இல் புறப்பட்ட ‘சேலஞ்சர்’ கப்பல் கடல் கடலாகத் துழாவியும் அக்கூழைக் காணவில்லை. கப்பலில் இருந்த வேதியியலாளர் ஜான் யங் பியூக்கனன் உண்மையைக் கண்டறிந்தார். கடல்நீரில் சாராயம் கலந்தால் கால்சியம் சல்பேட் கூழ்போலப் படிகிறது. சேற்றைக் கெடாமல் காக்க ஊற்றிய சாராயமே ஆதி உயிரைப் படைத்திருக்கிறது! 1875இல் ஹக்ஸ்லி தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அறிவியல் அதனைக் கைவிட்டது, கற்பனை கைவிடவில்லை. நமக்கும் கீழே, நமக்கும் முன்னே, வடிவமற்ற ஒன்று கிடக்கிறது என்ற நினைப்பு மனிதர்களின் உள்ளத்தில் தங்கிவிட்டது.

அதற்கு முழுமையான கொடூர வடிவம் தந்தவர் லவ்கிராஃப்ட். 1936இல் வெளிவந்த ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ என்ற நெடுங்கதையில் ‘ஷோகாத்’ என்னும் கூழுருக்கள் வருகின்றன. மனிதருக்கு முந்திய ஒரு பேரினம் தன் நகரங்களைக் கட்ட, சுமை தூக்க, அவற்றைப் படைக்கிறது. அவை அடிமைகள். மெல்ல மெல்லச் சிந்திக்கக் கற்றுக்கொள்கின்றன. பிறகு ஆண்டைகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுகின்றன. லவ்கிராஃப்டின் கடிதங்களில் இனவெறுப்பு அப்பட்டமாக இருப்பதை அறிந்தவர்கள், இந்த அருவருப்பின் ஊற்று எது என்பதை எளிதில் ஊகிக்கலாம். நம்மைச் சுமந்தவர்கள் ஒருநாள் எழுந்துவிடுவார்களோ என்ற அச்சம் அது. கைகாக்ஸ் 1979இல் தம்மைப் பாதித்த எழுத்தாளர்களைப் பட்டியலிட்டபோது அதில் லவ்கிராஃப்டும் இடம்பெற்றார்.

இடையில் 1953இல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் ஜோசப் பெய்ன் பிரென்னன் எழுதிய ‘ஸ்லைம்’ கதையும், 1958இல் ஸ்டீவ் மெக்குவீன் நடித்த ‘தி பிளாப்’ திரைப்படமும் வந்தன. முன்னதில் கூழ் கடலடியிலிருந்து வருகிறது, பின்னதில் விண்கல்லிலிருந்து. படத்தை ஒருமுறை பார்க்கலாம். பிரென்னனின் கதை அதைவிட மேல்.

மீண்டும் 1974ஆம் ஆண்டு நூலுக்கு வருவோம். அதில் ஒரு சொல்லை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. கறுப்புப் புட்டிங்கை அறிமுகம் செய்யும்போது, துப்புரவுக் கூட்டத்தைச் சேர்ந்த மற்றொன்று என்கிறது நூல். பாதாளத்தில் நாள்தோறும் இத்தனை பேர் சாகிறார்களே, பிணங்களை யார் அகற்றுவது என்ற நடைமுறைக் கேள்விக்கு ஆசிரியர்கள் கண்ட விடை அது. 1975இல் வந்த ‘கிரேஹாக்’ இணைப்பில் விதிகள் பெற்ற களிக் கனசதுரம் இதன் உச்சம். பத்தடிக்குப் பத்தடி, கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் உடல். அக்காலத்தில் வரைபடத்தாளில் ஒரு கட்டம் பத்தடி என்று கொண்டுதான் குகைப்பாதைகளை வரைந்தார்கள். கட்டத்தில் கச்சிதமாக அடங்கி, பாதையைத் துடைத்துக்கொண்டே போகும் ஒரு பிராணி! புராணத்தில் அன்றி எழுதுபொருள் கடையில் பிறந்த பூதம் இது ஒன்றாகத்தான் இருக்கும். நகைச்சுவை ஒருபுறம் இருக்கட்டும். அடிமையாக இருந்த கூழ் இங்கே துப்புரவுப் பணியாளாக மாறியிருக்கிறது. கைகாக்ஸ் இதையெல்லாம் நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அழுக்கை அகற்றுவதையே பூதமாகக் கண்டு வாளை உருவும் வழக்கத்தை, நம் ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவன் வெறும் விளையாட்டாக வாசித்துவிட முடியுமா?

பின்வந்த காலம் இந்தப் பூதத்தைப் படிப்படியாகப் பழக்கிவிட்டது. 1987இல் வெளியான ‘நெட்ஹேக்’ கணினி விளையாட்டில் இரும்பு ஆயுதத்தால் தாக்கினால் கறுப்புப் புட்டிங் இரண்டாகும். இதை அறிந்துகொண்ட ஆட்டக்காரர்கள், அதனைப் பிளந்து பிளந்து பெருக்கி, கொன்று பொருள் சேர்த்தார்கள். பண்ணையில் கோழி வளர்ப்பது போல. 2015இல் வந்த 3.6ஆம் பதிப்பில்தான் அவ்வழி அடைபட்டது. ஜப்பானில் ‘விசார்ட்ரி’ என்ற அமெரிக்கக் கணினி விளையாட்டின் ரசிகரான யூஜி ஹோரி, 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’டை உருவாக்கியபோது கூழ்ப்பூதத்தைக் குவியலாகக் கிறுக்கிக் கொடுக்க, ஓவியர் அகிரா தோரியாமா அதற்கு நீர்த்துளியின் வடிவமும் அகன்ற புன்னகையும் தந்தார். அன்று முதல் அங்கே அது குழந்தைகளின் பொம்மை. புதிதாக ஆடவருபவன் முதலில் அடித்து வீழ்த்தும் எளிய உயிர். 2013இல் இணையத்தில் தொடங்கிய ஒரு தொடர்கதையில் கூழே கதாநாயகனாகவும் ஆகிவிட்டது.

ரியோகோ குய் 2014இல் தொடங்கிய ‘டெலிஷியஸ் இன் டஞ்சன்’ சித்திரக்கதையின் தொடக்கத்திலேயே சென்ஷி என்றொரு குள்ளச் சமையற்காரன் வருகிறான். பாதாளத்தில் உணவின்றித் தவிக்கும் வீரர்களுக்காக அவன் அடுப்பு மூட்டுகிறான். பையிலிருந்து உலர்த்திய கூழ்ப்பூதத்தை எடுத்துக் கொதிக்கும் பாத்திரத்தில் இடுகிறான்.