வாடகைக் காரின் கீறல் யார் கணக்கில்?

சென்னையில் பல தலைமுறைகளாக வாடகைக் காரோடு ஓட்டுநரும் சேர்ந்தே வந்தார். மயிலாப்பூர் மாடவீதிகளில் ஜானவாச ஊர்வலத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிச் சென்ற மேல்மூடி இல்லாத பெரிய கார், திருப்பதிக்கும் காஞ்சிபுரத்துக்கும் குடும்பத்தைக் கூட்டிப்போன அம்பாசடர், மார்கழியில் கச்சேரி கேட்க வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைச் சபா சபாவாக இறக்கிவிட்ட டிராவல்ஸ் வண்டி என எதிலும் ஸ்டீயரிங் வண்டிக்காரருடைய ஆளின் கையில்தான் இருந்தது. பில்லில் கிலோமீட்டர், மணி நேரம், டிரைவர் பேட்டா, பார்க்கிங், டோல் ஆகியவை வரும். வழியில் கதவு நசுங்கினாலோ விளக்கு உடைந்தாலோ அது வண்டிக்காரருக்கும் டிரைவருக்கும் இடையிலான விவகாரம். பின்சீட்டில் இருந்தவரிடம் அதற்குப் பணம் கேட்கும் வழக்கம் இல்லை. தானே ஓட்டும் வாடகைக் கார் வந்தபோது இந்த ஏற்பாடு தலைகீழானது. சேதத்தின் சுமை வாடகைக்கு எடுத்தவர் மேல் ஏறியது. அந்தச் சுமையைத் தாங்க வேண்டிய காப்பீடும் ஒழுங்குமுறையும் கூடவே வரவில்லை. இன்று தி.நகரிலும் அடையாறிலும் காரைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்தில் எழும் சச்சரவுக்கு வேர் இதுதான். அதைத் தீர்க்கும் நியாயமான அளவுகோல் 1872 முதலே நம் சட்டத்தில் இருந்தும் அதை நாம் எடுத்துப் பயன்படுத்தவில்லை.

ஓட்டுநர் இல்லாமல் வண்டியை மட்டும் வாடகைக்கு விடும் தொழில் இந்த ஊருக்குப் புதிதல்ல. தெருமுனை சைக்கிள் கடைகள் மணிக்கணக்கில் சைக்கிளை வாடகைக்கு விட்டன. சிறுவர்கள் அதை 'அவர் சைக்கிள்' என்றார்கள். கடைக்காரர் நோட்டில் பெயரும் எடுத்த நேரமும் எழுதிக்கொள்வார். தெரிந்த வீட்டுப் பிள்ளை என்பதே அங்கே முன்பணம். கை ரிக்‌ஷாவிலும் இதேபோல் முதலாளி ஒருவர், இழுப்பவர் ஒருவர். இழுப்பவர் நாள் வாடகை கட்டினார். 1973-இல் அன்றைய தி.மு.க. அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்துச் சைக்கிள் ரிக்‌ஷா வழங்கியதற்கு மனிதனை மனிதன் இழுக்கும் இழிவு முதற்காரணம். பின்னர் ஆட்டோவிலும் நாள் வாடகை முறை தொடர்ந்தது. பஞ்சர் போன்ற சில்லறைச் செலவு ஓட்டுபவருக்கு, பெரிய வேலை வண்டிக்காரருக்கு என்பது இந்தத் தொழில்களில் பரவலாக இருந்த வழக்கம். வண்டியை ஆள்பவர் சிறு சேதத்தை ஏற்றார், வண்டியால் சம்பாதிப்பவர் பெரும் சேதத்தை ஏற்றார். இதை யாரும் பத்திரத்தில் எழுதவில்லை. தினமும் முகம் பார்க்கும் இருவருக்கு இடையே அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

முகம் தெரியாதவர்களுக்கு இடையேதான் எழுதப்பட்ட சட்டம் வேண்டியிருக்கிறது. 1872 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கியது. ஒருவர் தன் பொருளை இன்னொருவரிடம் ஒரு நோக்கத்துக்காக ஒப்படைத்து, நோக்கம் முடிந்ததும் திரும்பப் பெறும் உறவை 148-ஆம் பிரிவு முதலானவை விளக்குகின்றன. கார் இல்லாத காலத்தில் எழுதிய சட்டம் என்பதால் அதன் உதாரணங்களில் குதிரையும் கோச்சு வண்டியும் வருகின்றன. வாடகைக்கு விட்ட கோச்சு வண்டி பழுதானது, அதனால் வாடகைக்கு எடுத்தவருக்குக் காயம் ஏற்பட்டது என்றால், பழுது தனக்கே தெரியாது என்று சொல்லி உரிமையாளர் தப்ப முடியாது. கல்கத்தாவிலிருந்து காசிக்குப் போவதாகச் சொல்லி வாடகைக்கு எடுத்த குதிரையைக் கட்டக்குக்கு ஓட்டிப் போனவர், எவ்வளவு கவனமாக ஓட்டியிருந்தாலும், குதிரைக்கு நேர்ந்த காயத்துக்குப் பொறுப்பாளி. இந்த இரண்டுக்கும் நடுவில் 151, 152-ஆம் பிரிவுகள் நிற்கின்றன. சாதாரண விவேகம் உள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொண்டால் போதும். அதன் பிறகும் சேதம் நேர்ந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வாங்கியவர் பொறுப்பல்ல. தேய்ந்த டயரோடு கார் கொடுத்தவருக்கும், புதுச்சேரி என்று சொல்லிவிட்டுக் கொடைக்கானல் மலையேறியவருக்கும், அடையாறில் ஒழுங்காக நிறுத்திவைத்த காரில் யாரோ இடித்துவிட்டுப் போனதைக் கண்டவருக்கும் வெவ்வேறான விடைகள் இதில் கிடைக்கின்றன.

அப்படியானால் சச்சரவு ஏன்? காப்பீட்டின் வரலாற்றில் இதற்கு ஒரு பாதி விடை இருக்கிறது. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபருக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அந்தப் பகுதி 1946 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. சாலையில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு கிடைக்க வேண்டும் என்பது அரசின் அக்கறை. வண்டிக்கு நேரும் சேதம் உரிமையாளரின் சொந்தப் பாடு என்று விடப்பட்டது, இன்றும் அப்படியே. சேதத்துக்கும் சேர்த்து 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' எடுத்தாலும் முழுத் தொகை வராது. கட்டாயக் கழிவு என்று ஒரு தொகையை ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையாளரே ஏற்க வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலை தேய்மானமாகப் போய்விடும். வணிக வாகனப் பாலிசிகள் பலவற்றில் பம்பர், விளக்கு, மட்கார்டு, பெயின்ட் ஆகியவற்றின் தனிச் சேதம், கூடுதல் பிரீமியம் கட்டி அதற்கான விதியைச் சேர்த்தால் ஒழிய, சேரவே சேராது. சென்னைப் போக்குவரத்தில் முதலில் அடிபடுவதோ பம்பரும் விளக்கும் பெயின்டும்தான். பம்பரின் விலை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், விதியைச் சேர்த்திருந்தாலும் தேய்மானம் போக 4,000. அதிலும் கழிவு போகும். கோரிக்கை வைத்ததற்காக அடுத்த ஆண்டு பிரீமியச் சலுகையும் போகும். ஆகவே சிறு சேதத்துக்கு எந்த வண்டிக்காரரும் காப்பீட்டு நிறுவனத்தின் படி ஏறுவதில்லை. டிங்கரிங் பட்டறைக்குப் போகிறார், பில்லைக் கொடுக்க ஆளைத் தேடுகிறார்.

அந்த ஆள் கிடைத்தது தானே ஓட்டும் வாடகை முறை வந்த பிறகு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 75-ஆம் பிரிவில் இதற்கு இடம் கொடுத்தது. அதன் கீழ் 1989-இல் ரென்ட்-எ-கேப் திட்டம் வந்தது. உரிமம் பெற விரும்புபவரிடம் குறைந்தது 50 வண்டிகள் இருக்க வேண்டும் என்றது அந்தத் திட்டம். கறுப்பு எண் பலகையில் மஞ்சள் எழுத்து இந்த வண்டிகளுக்கு அடையாளமானது. பெரிய நிறுவனம் நடத்தும், பல வண்டிகளின் வருமானத்தில் ஒரு வண்டியின் சேதம் கரைந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு அந்த ஐம்பதுக்குள் இருந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. பெங்களூருவில் 2013-இல் ஜூம்கார் தொடங்கியதை அடுத்து, கைப்பேசி வழியாகக் கார் எடுக்கும் பழக்கம் நகரங்களில் பரவியது. கூடவே, ஒன்றிரண்டு கார்களைத் தவணையில் வாங்கி வாடகைக்கு விடுபவர்களும், தனிப் பயன்பாட்டுக்குப் பதிவான 'ஓன் போர்டு' காரைச் சட்டத்துக்குப் புறம்பாக வாடகைக்கு விடுபவர்களும் பெருகினார்கள். ஐம்பது வண்டியில் கரைய வேண்டிய சேதம் ஒற்றை வண்டிக்காரரின் மாதத் தவணையில் வந்து விழுகிறது. அவர் அதை முன்பணத்தில் பிடிக்கிறார்.

கார் வாடகை முன்பே வேரூன்றிய நாடுகள் இந்தக் கட்டத்தைக் கடந்து வந்திருக்கின்றன. காப்பீட்டில் சேராமல் வாடிக்கையாளர் தலையில் விழும் பகுதிக்கென்றே அங்கே தனிக் காப்பீடு விற்கிறார்கள். அதன் விலையும் நெருக்குதலும் அளவுமீறிப்போன இடங்களில் அரசு தலையிட்டது. நியூயார்க் மாநிலம் 1980-களின் இறுதியில், கட்டணம் வாங்கிக்கொண்டு வாடிக்கையாளரின் சேதப் பொறுப்பை விட்டுக்கொடுக்கும் 'சேதத் தள்ளுபடி' விற்பனையையே தடைசெய்து, வாடிக்கையாளரின் பொறுப்புக்கு 100 டாலர் என்று வரம்பு கட்டியது. 2003-இல்தான் தடையைத் தளர்த்தியது. அந்தத் தீர்வு சரியா தவறா என்று வாதிடலாம். சேதம் யார் கணக்கு என்பதைப் பொதுவில் முடிவுசெய்ய வேண்டும் என்று அங்கே உணர்ந்தார்கள். இங்கே கூடுதல் கட்டணத்துக்குச் சில நிறுவனங்கள் தரும் சேதப் பாதுகாப்பு பெரும்பாலும் அவர்களே தரும் சலுகைதான். சுதந்திரமான காப்பீடு அல்ல. அதுவும் எடுக்காதவருக்கு மிஞ்சுவது முன்பணமும் வாக்குவாதமும்.

கையெழுத்துப் போட்டாயிற்றே, அப்புறம் என்ன பேச்சு என்பது முதல் ஆட்சேபம். 152-ஆம் பிரிவே வேறு ஒப்பந்தம் இல்லாதவரை என்றுதானே சொல்கிறது? உண்மைதான், கவனத்தோடு இருந்தாலும் சேதத்துக்குப் பொறுப்பு என்று ஒருவர் எழுதிக்கொடுத்தால் அதற்கு மதிப்புண்டு. ஆனால் எவ்வளவு தொகை என்பது தனிக் கேள்வி. ஒப்பந்தத்தில் அபராதத் தொகை குறிக்கப்பட்டிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு. இராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் கோழி, முட்டை, மீனும் வழங்க ஒப்புக்கொண்டு வழங்கத் தவறிய ஒருவரின் முன்பணத்தை அரசு அப்படியே பறிமுதல் செய்தது. மௌலா பக்ஷ் வழக்கு என்று அறியப்படும் அதில் 1969-இல் உச்ச நீதிமன்றம், கணக்கிட்டுக் காட்டக்கூடிய நஷ்டத்தைக் காட்டாமல் முன்பணத்தை வைத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. அரசுக்கே பொருந்திய விதி கார் வாடகைக்காரருக்கும் பொருந்தும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்னும் ஒரு படி மேலே போய், மிகையான முன்பணம் கேட்பதையும் நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிப்பதையும் நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களாகப் பட்டியலிடுகிறது. அத்தகைய புகாரை மாநில ஆணையம் விசாரிக்கலாம். பழைய கீறலுக்குப் புது பம்பரின் விலையைப் பிடிப்பதற்குக் கையெழுத்து அனுமதி ஆகாது.

வண்டிக்காரர் பக்கத்திலிருந்து எழும் ஆட்சேபத்துக்கு இதைவிடக் கனம் அதிகம். வண்டி அவர் கண்ணெதிரில் இல்லை. எடுத்தவர் எப்படி ஓட்டினார் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. பட்டறையில் நிற்கும் நாட்களில் வருமானமும் இல்லை. முன்பணமும் இல்லாவிட்டால் யார் காரை நம்பிக் கொடுப்பார்கள்? பொறுப்பே இல்லை என்றால் ஓட்டுபவர் கண்மூடித்தனமாக ஓட்டமாட்டாரா? இவற்றை நான் ஏற்கிறேன், சட்டமும் ஏற்கிறது. பொருள் தன் கையில் இருந்தபோது கெட்டால், தக்க கவனம் எடுத்தேன் என்று நிரூபிக்கும் கடமை பொருளை வாங்கியவருக்கே உரியது என்பதே நீதிமன்றங்கள் கைக்கொண்டுவரும் நிலை. உண்மையான வருமான இழப்பையும் கணக்குக் காட்டிக் கேட்கலாம். முன்பணம் வாங்குவதில் தவறில்லை. அதற்கு உச்சவரம்பும் கணக்கும் இல்லாததுதான் தவறு. வரம்புக்குட்பட்ட ஒரு தொகை கையிலிருந்து போகும் என்ற எண்ணமே ஓட்டுபவரை நிதானப்படுத்தப் போதும்.

சாதாரண விவேகம் என்பதை எப்படி அளப்பது என்று கேட்கலாம். சென்னை மழை அதைப் பலமுறை அளந்து காட்டியிருக்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் நிறுத்திவைத்த கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் அதையே செய்தது. பாடம் கற்ற மக்கள் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்கள். தன் சொந்தக் காருக்குச் சென்னைவாசி எடுக்கும் கவனம் இதுதான், சட்டம் கேட்பதும் இதுதான். இரவோடு இரவாக வந்த வெள்ளத்தில், வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நின்ற வாடகைக் கார் மூழ்கினால் எடுத்தவர் மேல் பழி இல்லை. தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியிருப்பதைக் கண்டும் உள்ளே ஓட்டி, நின்றுபோன இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்து நாசமாக்கியவர் பணம் கட்டத்தான் வேண்டும். அந்த வகை இன்ஜின் சேதத்துக்குத் தனிச் சேர்க்கை எடுக்காத பாலிசியும் கைகொடுப்பது அரிது. ஒரே மழையில் இரண்டு வேறு நியாயங்கள். இரண்டையும் ஒரே அபராதப் பட்டியலில் அடைப்பது அநீதி.

ஓன் போர்டு வாடகையில் இந்தப் பாதுகாப்பெல்லாம் ஆட்டம் காண்கிறது. தனிப் பயன்பாட்டுக் காரை வாடகைக்கு விடுவது பாலிசியின் நிபந்தனைக்கு எதிரானது. விபத்து நடந்தால் நிறுவனம் கைவிரிக்கும். 2010-இல் அமலேந்து சாஹு வழக்கில், அவ்வாறு வாடகைக்குப் போன காருக்கும் கோரிக்கையை முழுவதுமாக மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, ஒரு பகுதித் தொகையாக இரண்டரை லட்சம் ரூபாய் வழங்கச் செய்தது. ஆனால் அந்த நிவாரணம் உச்ச நீதிமன்றம் வரை போராடிக் கிடைத்தது. வார இறுதியில் ஈ.சி.ஆர். போய்வர மலிவாகக் கார் தேடும் இளைஞர் அதை நம்பி வெள்ளைப் பலகை வண்டியை எடுப்பது, கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் இறங்குவது.

ஓட்டுநர் கூடவே வந்த காலத்தில் வண்டிக்காரரும் டிரைவரும் ஏற்றிருந்த பொறுப்பை, ஓட்டுநர் இல்லாத காலத்தில் யாரும் முறையாகப் பங்கிட்டுத் தரவில்லை. தமிழகப் போக்குவரத்துத் துறை அதைச் செய்யலாம். வாடிக்கையாளரின் பொறுப்புக்கு வண்டியின் தரத்துக்கேற்ப உச்சவரம்பு, கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இருவர் முன்னிலையில் படம், பிடிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தேய்மானம் கழித்த பட்டறை பில், பம்பரும் பெயின்டும் சேர்ந்த பாலிசி ஆகிய நான்கையும் உரிம நிபந்தனை ஆக்கினால் பெரும்பாலான சண்டை எழாது. அதுவரை கார் எடுப்பவர் பலகையின் நிறத்தைப் பாருங்கள், பாலிசியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், வண்டியைச் சுற்றிப் படம் எடுங்கள். உங்கள் தவறால் வந்த சேதம் என்றால் மறைக்காமல் கட்டுங்கள். தவறில்லாத இடத்தில் பில் இல்லாமல் முன்பணத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். கேட்டு வாங்கும் உரிமையைச் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.