அங்கத்தினரின் வாக்கும் அதன் பதிவும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

ஒரு பார்லிமெண்டு அங்கத்தினர் தம்முடைய பதவிக் காலத்தில் என்ன செய்தார் என்ற கேள்விக்கு இந்நாளில் இந்தியாவில் எண்களாலேயே விடை கூறப்படுகிறது. அவர் சபைக்கு வந்த நாட்கள் நூற்றுக்கு எத்தனை, கேட்ட வினாக்கள் எத்தனை, கலந்துகொண்ட விவாதங்கள் எத்தனை, கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் எத்தனை என்ற கணக்கை, 2005-ஆம் ஆண்டில் டெல்லியில் தோன்றிய பி.ஆர்.எஸ். என்னும் ஆராய்ச்சி நிலையம் தொகுத்து அளிக்க, பத்திரிகைகள் அதனைத் தேர்தல் காலத்தில் எடுத்து அச்சிடுகின்றன. ஆனால், இங்கிலாந்தில் இத்தகைய பரீட்சையின் முதல் இனமாக விளங்கும் ஒன்று, அதாவது ஒவ்வொரு மசோதாவின் மீதும் அவர் எப்பக்கம் வாக்களித்தார் என்னும் விவரம், நம் நாட்டுக் கணக்கில் பெரும்பாலும் இடம் பெறுவதில்லை. இஃது அலட்சியத்தால் நேர்ந்த குறையன்று. வாக்கைப் பதியும் முறை நாளுக்கு நாள் செம்மையுற்று வந்த அதே காலத்தில், அவ்வாக்கு அங்கத்தினரின் சொந்த வாக்காக இருப்பது படிப்படியாகக் குறைந்து வந்தது என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

ஆதியில் வாக்கின் பதிவு பயமுறுத்தும் சாதனமாகவே பிறந்தது. 1641-ஆம் ஆண்டு ஏப்ரலில், அரசனின் முக்கிய ஆலோசகராயிருந்த ஸ்டிராஃபர்டு பிரபுவுக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதா காமன்ஸ் சபையில் 204 வாக்குகளால் நிறைவேறியபோது, அதனை எதிர்த்து வாக்களித்த 59 பேரின் பெயர்கள், தேசத் துரோகிகள் என்ற பொருள்படும் தலைப்புடன் லண்டனில் பகிரங்கமாக ஒட்டப்பட்டன. சபை இதனைத் தன் உரிமைக்கு நேர்ந்த பங்கமாகக் கருதிச் சினந்ததில் வியப்பில்லை. அரசனுடைய கோபத்திலிருந்து அங்கத்தினரைக் காப்பதற்காக ஏற்பட்ட சபை நடவடிக்கைகளின் இரகசியம், பின்னர் ஜனங்களின் கேள்வியிலிருந்து அவரைக் காக்கும் திரையாகவும் பயன்பட்டது. 1738-ஆம் ஆண்டில் சபை, விவாதங்களைப் பிரசுரிப்பது உரிமை மீறல் என மீண்டும் வற்புறுத்தித் தீர்மானித்தது. அதன் விளைவாக, லண்டன் பத்திரிகையொன்று பார்லிமெண்டுப் பேச்சுகளை லில்லிபுட் தேசத்து மகாசபையின் பேச்சுகள் என்று வேஷமிட்டு அச்சிட நேர்ந்தது. அவற்றுட் பலவற்றை, கிடைத்த சொற்பக் குறிப்புகளை வைத்துக்கொண்டு கற்பனையால் எழுதி நிரப்பியவர் ஸாமுவேல் ஜான்ஸன். தாம் கேட்டறியாத பேச்சுகளை அத்தனை கம்பீரமாக எழுதிய அம்மேதையின் நடையைப் பிரதிநிதிகளுள் எத்தனை பேர் தம்முடையது என்று ஏற்று மகிழ்ந்தனரோ! 1771-ஆம் ஆண்டில், விவாதங்களை அச்சிட்டோரைக் கைது செய்ய முயன்ற சபையை எதிர்த்து நின்ற லண்டன் மேயர் பிராஸ் கிராஸ்பியும் ஆல்டர்மன் ரிச்சர்டு ஆலிவரும் டவர் சிறையில் அடைக்கப்பட்டனர்; எனினும், நகர மக்களின் கொந்தளிப்பைக் கண்ட சபை, தடையை ஏட்டளவில் வைத்துக்கொண்டு, அதனை நடத்துவதைக் கைவிட்டது.

பேச்சு வெளிவந்த பின்னும் வாக்கு வெளிவர அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அக்காலத்தில் வாக்குப் பிரிவின்போது ஒரு சாரார் சபையிலேயே இருக்க, மற்றொரு சாரார் வெளிக் கூடத்துக்குச் செல்வர். எண்ணிக்கை மட்டுமே குறிக்கப்படும். பெயர்ப் பட்டியல் வேண்டுமாயின் யாரேனும் ஆர்வமுள்ளவர் தம் ஞாபகத்திலிருந்து எழுதி விற்க வேண்டியதுதான். 1832-ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டத்தால் வாக்காளர் தொகை பெருகி, 1834-ஆம் ஆண்டின் தீயில் பழைய மண்டபமும் அழிந்துபோன பிறகு, 1836-ஆம் ஆண்டில் இரு சாராருக்கும் இரு தனிக் கூடங்கள் வகுக்கப்பட்டு, அவ்வழியே செல்வோரின் பெயர்களைச் சபையின் குமாஸ்தாக்களே குறித்து அதிகார பூர்வமாக வெளியிடும் வழக்கம் தொடங்கிற்று. பிரிஸ்டல் வாக்காளர்களிடம் 1774-ஆம் ஆண்டில் எட்மண்டு பர்க், பிரதிநிதி என்பவன் தொகுதியாரின் கட்டளையைச் சுமந்து செல்லும் தூதன் அல்லன், தன் விவேகத்தையும் மனச்சாட்சியையும் அவர்களுக்காகச் செலுத்துபவன் என வாதித்திருந்தார். அவ்விவேகம் எங்ஙனம் செலுத்தப்பட்டது என்பதற்கு 1836-க்குப் பின்னரே அத்தாட்சி கிட்டியது. 1872-ஆம் ஆண்டில் வாக்காளனின் வாக்கு இரகசியமாக்கப்பட்டதை இதனோடு சேர்த்து நோக்கினால், அதிகாரம் உடையவன் வெளிச்சத்திலும் அதிகாரத்தை அளிப்பவன் மறைவிலும் இருக்க வேண்டும் என்ற நியாயம் ஒரு தலைமுறைக்குள் உருப்பெற்றது புலனாகும்.

ஆயினும், அவ்வெளிச்சம் காட்டியது எதை? அமெரிக்க அறிஞர் ஏ. லாரன்ஸ் லோவெல், ஒரு கட்சியில் பத்தில் ஒன்பது பங்கினர் ஒரே பக்கம் நின்றால் அதனைக் கட்சி வாக்கு எனக் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் காமன்ஸ் சபைப் பட்டியல்களை ஆராய்ந்தார். நூற்றாண்டின் நடுப்பகுதியில் அருகியே காணப்பட்ட கட்சி வாக்கு, நூற்றாண்டின் இறுதியில் பெரும்பான்மை ஆகிவிட்டதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். கட்சிக் கொறடாக்களின் கை ஓங்கிய காலம் அது. அக்காலத்திலும் விலக்குகள் இல்லாமற் போகவில்லை. தாதாபாய் நௌரோஜி ஃபின்ஸ்பரித் தொகுதியின் பிரதிநிதியாக வீற்றிருந்த 1893-ஆம் ஆண்டு ஜூனில், ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் ஏக காலத்தில் நடத்த வேண்டும் என்று ஹெர்பர்ட் பால் கொண்டுவந்த பிரேரணை, அரசாங்கத்தின் விருப்பத்துக்கு மாறாக 84-க்கு 76 என்ற வாக்குகளால் நிறைவேறியது. நிறைவேறியும் பயனில்லை. இந்தியாவில் அப்பரீட்சை நடக்க 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டின் சட்டசபைகளில் 1892-ஆம் ஆண்டின் சட்டம் வினாக் கேட்கும் உரிமையை அளித்தது. 1909-ஆம் ஆண்டின் சட்டம் பிரேரணை கொண்டுவரவும், வினாவை எழுப்பியவரே துணை வினாக் கேட்கவும் இடந்தந்தது. டெல்லி மத்திய சட்டசபையில், தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர் தம் கருத்துப்படியும் கட்சிப்படியும் வாக்களிக்க, நியமனம் பெற்ற உத்தியோகஸ்தர்கள் மட்டும் அரசாங்கத்தின் கட்டளைப்படி ஒரே அணியாக வாக்களிப்பது வழக்கமாயிருந்தது. இவ்வணியைத் தேசியவாதிகள் எள்ளி நகையாடாத நாளில்லை. 1928-ஆம் ஆண்டு செப்டம்பரில் பொதுப் பாதுகாப்பு மசோதா 61-க்கு 61 எனச் சமமாக நின்றபோது, சபைத் தலைவர் விட்டல்பாய் படேல் தமது நிர்ணய வாக்கை எதிர்த்து அளித்து அதனை வீழ்த்தினார். ஒரு வாக்கின் மதிப்பை அன்று சபை கண்டது.

சுதந்திர இந்தியாவின் சபைகளில் பிரச்னை முதலில் குரலாலேயே முடிவு செய்யப்படும். அம்முடிவை யாரேனும் ஆட்சேபித்து வாக்குப் பிரிவு கோரினால்தான் பெயர்கள் பதிவாகும். அக்கோரிக்கை அவசியமற்றது எனச் சபாநாயகர் கருதினால், அங்கத்தினரை எழுந்து நிற்கச் செய்து எண்ணிக்கொண்டு, பெயர்களைப் பதியாமலே விடவும் விதி இடமளிக்கிறது. பதிவு நிகழுமிடத்து அது மிக நுட்பமாக நிகழ ஏற்பாடு உண்டு. 1957-ஆம் ஆண்டு முதல் லோக்சபையில், அங்கத்தினர் தம் ஆசனத்திலிருந்தே பொத்தானை அழுத்தி வாக்களிக்கும் யந்திரம் அமைந்துள்ளது. 1970-ஆம் ஆண்டு செப்டம்பரில் மன்னர் மானியத்தை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்த மசோதா, லோக்சபையைக் கடந்து வந்த பிறகு, ராஜ்யசபையில் 149-க்கு 75 என்ற வாக்குகளைப் பெற்றது. வாக்களித்த 224 பேரில் மூன்றில் இரு பங்கு 149-ஐ விடச் சிறிது மிகுதி. அச்சிறு பின்னத்தால் மசோதா வீழ்ந்தது. அன்று பதிவான பெயர் ஒவ்வொன்றும் ஒரு சரித்திர ஆவணம்.

1967-க்குப் பிந்தைய ஆண்டுகளில் மாநிலங்களில் கட்சி மாறல் வியாபாரமாகிவிட்ட நிலையில், 1985-ஆம் ஆண்டு ஜனவரியில் 52-ஆவது திருத்தம் நிறைவேறிப் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. கட்சியின் கட்டளைக்கு மாறாக, முன் அனுமதியின்றி வாக்களித்தாலும், வாக்களியாதிருந்தாலும், பதினைந்து நாட்களுக்குள் கட்சி மன்னிக்காவிடில் பதவி பறிபோகும் என்பது அதன் சாரம். விலை பேசி வாங்கப்பட்ட வாக்கைத் தடுக்க வந்த சட்டம், விலை பேசப்படாத வாக்கையும் தடுத்தது. 1990-ஆம் ஆண்டில் தினேஷ் கோஸ்வாமி குழு, நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற சில விஷயங்களோடு இதனை நிறுத்திக்கொள்ளலாம் என்று யோசனை கூறியது, அது ஏற்கப்படவில்லை. இன்று எந்த மசோதாவுக்கும் கொறடாவின் கட்டளை பிறப்பிக்கப்படலாம். மத்திய சட்டசபையின் உத்தியோகஸ்த அணியைப் பரிகசித்தவர்களின் வாரிசுகள், ஏறக்குறைய அனைவருமே அவ்வணியின் ஸ்தானத்தை அடைந்துவிட்டனர் என்று கூறுவது மிகையாகத் தோன்றலாம். சட்டத்தின் வாசகத்தைப் படிப்போர்க்கு அவ்வளவு மிகையாகத் தோன்றாது. 1999-ஆம் ஆண்டு ஏப்ரலில், அ.இ.அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்ட பின் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்ற கணக்கில் வீழ்ந்தபோது, தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் தம் கட்சியின் கட்டளையை மீறி அரசுக்கு எதிராக வாக்களித்து, கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். சுயேச்சையான வாக்குக்கு உதாரணம் தேடினால் இத்தகைய சிலவே அகப்படுகின்றன.

இதற்கிடையில் விசித்திரமான நியாயம் ஒன்றும் நிலவியது. 1993-ஆம் ஆண்டில் நரசிம்ம ராவ் அரசின் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 251-க்கு 265 எனத் தோற்றதைத் தொடர்ந்து எழுந்த லஞ்ச வழக்கில், லஞ்சம் பெற்று அதற்கிணங்க வாக்களித்த அங்கத்தினருக்கு அரசியல் சட்டத்தின் 105-ஆவது விதி பாதுகாப்பளிக்கிறது என்று 1998-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில்தான் எழுவர் கொண்ட ஆயம் அதனை மாற்றியது. மனச்சாட்சிப்படி வாக்களித்தவர் பதவியை இழக்கக்கூடிய நாட்டில், பணத்துக்கு வாக்களித்தவர் இருபத்தாறு ஆண்டுகள் சட்டத்தின் நிழலில் இருந்தார்.

எனவே, ஆராய்ச்சியாளர் வாக்கை விட்டு, வினாவையும் விவாதத்தையும் நாடுவது இயல்பே. அங்கும் எண்ணிக்கை ஏமாற்றும். மந்திரிகள் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுவதில்லை, வினாக் கேட்பதுமில்லை, ஆகவே மிகப் பெரிய பொறுப்பை வகிப்போர்க்கே கணக்கு வெறுமையாக நிற்கிறது. வினா என்ற எண்ணிக்கைக்குள் என்னவெல்லாம் அடங்கும் என்பதற்கு, பணம் பெற்று வினாக் கேட்ட குற்றத்துக்காக 2005 டிசம்பரில் 11 அங்கத்தினர் வெளியேற்றப்பட்டதே சான்று. தனிநபர் மசோதாக்களின் கணக்கும் அத்தகையதே. 2015 ஏப்ரலில் அங்கத்தினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா ராஜ்யசபையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று இரு சபைகளிலும் நிறைவேறிச் சட்டமானது 1970-க்குப் பின் இல்லை என்றிருக்க, ஒரு சபையிலேனும் அது வெற்றி பெற்றது அபூர்வமான சம்பவம். ஆனால் அட்டவணையில் அது, ஒரு நாளும் விவாதத்துக்கு வாராத மசோதாவைப் போலவே ஒன்று என்றுதான் எண்ணப்படும்.

ரேபரேலியின் பிரதிநிதியாயிருந்த ஃபெரோஸ் காந்தியின் பணியை இவ்வளவுகோல் கொண்டு அளப்பது இயலாத காரியம். ஆளுங்கட்சியைச் சேர்ந்தவராதலின் வாக்குப் பட்டியல் அவரைத் தம் சகாக்களிடமிருந்து பிரித்துக் காட்டாது. 1955 டிசம்பரில் அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் முறைகேடுகளை அம்பலப்படுத்திய பேச்சும், ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசிய மயமாகி 1956 செப்டம்பரில் எல்.ஐ.சி. தோன்றியதும் ஒரே கதையின் இரு பகுதிகள். 1957 டிசம்பரில், அந்த எல்.ஐ.சி.யே வியாபாரி முந்த்ராவின் கம்பெனிகளில் பணம் போட்ட விவகாரத்தை அவர் கிளப்ப, நீதிபதி சாக்ளா விசாரணை நடத்த, 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஒரு வாக்குப் பிரிவும் இன்றி ஒரு மந்திரி அகன்றார். இவற்றினும் நிலையான பலன் தந்தது, பார்லிமெண்டில் நிகழ்வதை உள்ளபடி பிரசுரிக்கும் பத்திரிகைகளுக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்பளிக்கும்படி அவர் கொண்டுவந்து, 1956-இல் சட்டமான தனிநபர் மசோதா. நெருக்கடி நிலைக் காலத்தில், அவருடைய மனைவியே பிரதமராயிருந்த அரசு அதனை ரத்து செய்தது. 1977-இல் ஜனதா அரசு அதனை மீண்டும் சட்டமாக்கிற்று. 44-ஆவது திருத்தம் அதே பாதுகாப்பை 361-ஏ விதியாக அரசியல் சட்டத்திலேயே பொறித்தது.